போர்க்காலச் சில்லறை டோக்கன்கள்: எந்த வகையில் கை வைப்பது?

சில்லறை இல்லையென்று கடைக்காரர் கையில் மிட்டாயைத் திணிப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. 1862-ல் அமெரிக்காவின் வட மாநிலங்கள் முழுக்க அந்த நிலைதான். உள்நாட்டுப் போர் மூண்ட முதல் ஆண்டின் கடைசியில், 1861 டிசம்பரில், வங்கிகள் தாளுக்குத் தங்கம் தருவதை நிறுத்தின. தங்கம் பெட்டிக்குள் போனது. 1862 கோடையில் வெள்ளியும் போனது. அதன்பின் ஒரு சென்ட் நாணயமும் மறைந்தது. 88 சதவீதம் செம்பு, 12 சதவீதம் நிக்கல், 4.67 கிராம் எடை: பதுக்கி வைக்குமளவு அதில் ஒன்றுமில்லை. ஆனால் அரசு அடித்த உலோகம் என்ற பேரே அப்போது போதுமானதாக இருந்தது.

ரொட்டிக்கடையும் பீர்க்கடையும் சில்லறை இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. ஆகவே கடைக்காரர்கள் அச்சுச் செதுக்குபவர்களிடம் போய்ச் சென்ட் அளவிலேயே செப்பு வில்லைகள் அடித்து வாங்கினார்கள். ஒன்றின் அடக்கவிலை ஒரு சென்ட்டுக்கும் குறைவு. கல்லாவிலிருந்து போகும்போது ஒரு சென்ட். இரண்டரைக் கோடிக்குக் குறையாமல் அடிக்கப்பட்டிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. பெரும்பாலானவற்றில் 1863 என்ற ஆண்டுதான் இருக்கும். 1864 ஏப்ரல் 22-ல் அரசு 3.11 கிராம் எடையுள்ள வெண்கலச் சென்ட்டையும் இரண்டு சென்ட் நாணயத்தையும் கொண்டுவந்து, தனியார் ஒன்று, இரண்டு சென்ட் வில்லைகளுக்குத் தடை போட்டது. அதே ஆண்டு ஜூன் 8-ல் வந்த சட்டம் தனியார் நாணயம் அனைத்தையும் மூடிவிட்டது.

இதைச் சேர்க்க நினைப்பவர் முன்னால் நான்கு வழிகள் உண்டு: கடைப்பெயர் உள்ள டோக்கன், தேசபக்தி வாசக டோக்கன், படைமுகாம் வியாபாரியின் டோக்கன், பித்தளைச் சட்டத்துக்குள் அடைத்த தபால்தலை. இவற்றை விட்டு முதல் உலகப் போரின் ஜெர்மன், பிரெஞ்சு அவசரக் காசுகளுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர் விலையைப் பார்ப்பதற்கு முன் உலோகத்தைப் பார்க்க வேண்டும். முடிவில் பாதியை அதுவே எடுத்துவிடும்.

கடைப்பெயர் டோக்கனா, தேசபக்தி டோக்கனா

இரண்டும் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர், பெரும்பாலும் செம்பு, சில பித்தளை. பல சமயம் ஒரே பட்டறையில், ஒரே பின்பக்க அச்சில் அடித்தவை. ஒன்றில் பேர் இருக்கும், மற்றதில் இருக்காது.

தேசபக்தி வகையில் கொடி, சுதந்திர தேவியின் தலை, கழுகு, பீரங்கி, மானிட்டர் கவசக் கப்பல் ஆகியவை வரும். ‘நமது சின்ன மானிட்டர்’ என்று பொறித்த வில்லைகள் அந்தக் கப்பல் 1862 மார்ச்சில் போரிட்ட பெருமையில் அடித்தவை. ஜான் டிக்ஸ் 1861 ஜனவரியில் நிதித்துறைப் பொறுப்பில் இருந்தபோது நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிய ஆணை இன்னொன்றில் இருக்கிறது: கொடியை இறக்க எவன் முயன்றாலும் அந்த இடத்திலேயே சுடு. இதில் ‘ஸ்பாட்’ (இடம்) என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் ‘ஓ’ கூடுதலாக விழுந்த அச்சு ஒன்று உண்டு. எழுத்துப்பிழை என்பதாலேயே அதைத் தேடுகிறார்கள். ‘ஒப்பந்தக்காரருக்குக் கோடிகள், விதவைகளுக்கு ஒரு சென்ட்கூட இல்லை’ என்ற வாசகமும் வில்லையில் ஏறியது. தேசபக்தி என்று பொதுப்பெயர் வைத்தாலும் எல்லாம் துதி பாடவில்லை.

பல வில்லைகளில் ‘ஒரு சென்ட்’ என்ற பெரிய எழுத்துக்கு மேலே ‘அல்ல’ என்ற சொல்லைக் கண்ணை இடுக்கிப் பார்க்கும் அளவுக்குச் சிறிதாகச் செதுக்கியிருப்பார்கள். ஒரு டாலருக்குக் கீழ் தனியார் பணம் வெளியிடக் கூடாது என்று 1862 ஜூலை 17-ல் சட்டம் வந்திருந்தது. அதற்கு ஒரு தப்புவழி இது. விற்பவர்கள் இந்தச் சின்னச் சொல்லை ‘அரிய வகை’ என்று விலையேற்றுவதுண்டு. அது பரவலாகக் கிடைப்பது. ஏமாற வேண்டாம்.

கடைப்பெயர் டோக்கனில் பேர், ஊர், தொழில் மூன்றும் இருக்கும்: மருந்துக்கடை, இறைச்சிக்கடை, மளிகை, முடிதிருத்தகம், சவப்பெட்டி செய்பவர். நியூயார்க்கின் புரோஸ் என்ற பை சுடும் பேக்கரிக்காரர்கள், டிராய் நகரத்து மாவு ஆலைக்காரர் ஆலிவர் பவுட்வெல் ஆகியோருடைய வில்லைகள் எளிதாகக் கிடைக்கும். பவுட்வெல் ‘என் அலுவலகத்தில் மாற்றித் தரப்படும்’ என்று தன் வில்லையிலேயே எழுதிவைத்தார். இதற்கு நேர் எதிர் நியூயார்க் பவரி வீதியில் பீர்க்கடை வைத்திருந்த குஸ்தாவஸ் லிண்டன்மூலர். தாடி வைத்த தலை ஒரு பக்கம், பீர்க் குவளை மறுபக்கம் என்று பத்து லட்சத்துக்கு மேல் அடித்துப் புழக்கத்தில் விட்டார். மூன்றாம் அவென்யூ டிராம் நிறுவனம் தன்னிடம் குவிந்ததைக் கொண்டுபோய் மாற்றிக் கேட்டபோது கையை விரித்துவிட்டார். நிறுவனத்துக்கு வேறு வழி இல்லை. செல்லாக்காசு என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தனியார் வில்லைகளைத் தடை செய்ய அரசைத் தூண்டியவற்றுள் ஒன்றாக இந்தச் சம்பவம் அடிக்கடி சுட்டப்படுகிறது.

கடைப்பெயர் வகையை முதலில் எடுப்பதற்கு அந்தப் பேரே காரணம். பேர் இருந்தால் அக்கால ஊர் விவரப் புத்தகத்தில் தேடலாம். அவை இணையத்தில் படப்பிரதிகளாகக் கிடைக்கின்றன. தெரு எண், தொழில் மாறிய ஆண்டு, கூட்டாளி பிரிந்த ஆண்டு எல்லாம் வெளிவரும். பேரில்லாத தேசபக்தி டோக்கனுக்கு அச்சு எண்ணைத் தாண்டி அதிகம் சொல்ல இருக்காது. சிறிய பட்ஜெட்டில் கண்ணுக்கு அழகான பத்து வில்லை போதும் என்பவருக்கு மட்டும் தேசபக்தி வகை ஏற்றது. தேய்ந்தும் எழுத்து தெளிவாக உள்ள சாதாரண வில்லை இரண்டு வகையிலும் இருபது முப்பது டாலர் அளவில் கிடைக்கும். ஆகவே விலை இங்கே முடிவைத் தீர்மானிப்பதில்லை.

ஆனால் எல்லா ஊரையும் அள்ளக் கூடாது. ஓஹியோ, நியூயார்க் இரண்டிலும் வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சின்சினாட்டியில் ஜான் ஸ்டாண்டன், லான்ஃபியர், மர்டாக் – ஸ்பென்சர் என்று பல பட்டறைகள் இருந்ததால் அந்த ஓர் ஊரே ஓர் ஆயுள் சேகரிப்பு. ஒரு தொழிலை எடுப்பது நல்லது: மருந்துக்கடை மட்டும், அல்லது பீர் வடிப்பவர் மட்டும். இல்லாவிட்டால் மிச்சிகனின் டெட்ராய்ட் போல ஒரு நடுத்தர ஊர். முப்பது நாற்பது வில்லையில் ஒரு முழுமை தெரியத் தொடங்கும்.

எண்ணைப் படிப்பது

ஃபுல்ட் எண், அதாவது இந்த டோக்கன்களுக்கான ஃபுல்ட் அட்டவணைப் புத்தகம் ஒவ்வொரு வகைக்கும் தரும் எண், தெரியாமல் வாங்குவது முகவரி இல்லாமல் வீடு தேடுவது. தேசபக்தி டோக்கனுக்கு முன்பக்க அச்சு எண், சாய்கோடு, பின்பக்க அச்சு எண், உலோக எழுத்து. கடை டோக்கனுக்கு மாநில எழுத்து, ஊர் எண், கடைக்காரர் எழுத்து, வகை எண், உலோக எழுத்து. ஓ.எச். 165 சின்சினாட்டி, எம்.ஐ. 225 டெட்ராய்ட், என்.ஒய். 630 நியூயார்க் நகரம். கடைசியில் வரும் ‘ஏ’ செம்பு, ‘பி’ பித்தளை, ‘டி’ செம்பு–நிக்கல்.

அருமை அளவு ஆர் 1-லிருந்து ஆர் 10 வரை. ஆர் 1 என்றால் 5,000-க்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. ஆர் 4 என்றால் 200–500. ஆர் 7 என்றால் 10–20. ஆர் 10 என்றால் ஒன்றே ஒன்று. இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். பட்டறைக்காரர்கள் போர்க்காலத்திலேயே சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடித்தார்கள். ஒரு கடையின் அச்சை வேறு பின்பக்கத்தோடு சேர்த்தார்கள், வெள்ளியில் அடித்தார்கள், வெள்ளீயக் கலவையில் அடித்தார்கள், பழைய பத்து சென்ட் நாணயத்தின் மேலேயே அடித்தார்கள். இவை எல்லாம் ஆர் 8, ஆர் 9 என்று பட்டியலில் மின்னும். ஆனால் ஒருபோதும் ரொட்டி வாங்கியதில்லை. போர்க்காலச் சில்லறையைச் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால், தேய்ந்த ஆர் 3 செப்பு வில்லை பளபளக்கும் ஆர் 9 வெள்ளியைவிட மேல். விற்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளத் தேவையுமில்லை.

தென் மாநிலங்களில் சில்லறைத் தட்டுப்பாட்டைப் பெரும்பாலும் காகிதச் சீட்டால் சமாளித்தார்கள். உலோகத் தென்னக டோக்கன் என்று விற்பனைக்கு வந்தால் எண்ணைக் கேட்டு, படத்தை ஒப்பிட்ட பிறகே மேலே பேச வேண்டும்.

படைமுகாம் டோக்கன்

ரெஜிமெண்ட்டோடு கூடவே போன வியாபாரி, சிப்பாய்க்குச் சம்பளம் வரும்வரை கடனாகப் பொருள் தர, 5, 10, 25, 50 சென்ட் மதிப்பில் டோக்கன் கொடுத்தான். அதை வேறு எங்கும் மாற்ற முடியாது. படைப்பிரிவின் எண் பொறித்திருப்பதால் அந்தப் படை எங்கே போரிட்டது என்று பின்தொடரலாம். கதைக்குக் கதை, சரித்திரத்துக்குச் சரித்திரம். ஆனால் அடித்த எண்ணிக்கை சிறிது, மிஞ்சியது அதைவிடச் சிறிது. விலை நூறுகளில்தான் தொடங்கும். போர்க்களத்தில் தோண்டி எடுத்தவற்றில் பச்சைக் களிம்பும் குழியும் சகஜம். போலிகளும் இங்கே அதிகம். ஒரு வில்லைக்காக ஒரு வருடம் காத்திருக்கத் தயாராக இருப்பவர் மட்டும் இந்தப் பக்கம் வரலாம்.

அடைத்த தபால்தலை

சில்லறைக்குப் பதில் தபால்தலையைக் கொடுத்து வாங்கியபோது அவை கையில் ஒட்டி, கசங்கி, கிழிந்தன. ஜான் கால்ட் 1862 ஆகஸ்ட் 12-ல் ஒரு காப்புரிமை பெற்றார்: பித்தளைச் சட்டம், அதற்குள் தபால்தலை, முன்னால் அப்பிரகத் தகடு, பின்பக்கப் பித்தளையில் விளம்பரம். கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரியில் ஸ்கோவில் நிறுவனம் அவற்றைச் செய்தது. 1861 வரிசைத் தபால்தலைகள் 1, 3, 5, 10, 12, 24, 30, 90 சென்ட் மதிப்புகளில் உள்ளே போயின. பின்பக்கத்தில் அயரின் மாத்திரை, டிரேக்கின் கசப்பு மருந்து, லார்ட் – டெய்லர் துணிக்கடை ஆகியவற்றின் விளம்பரங்கள். அரசே தபால்தலைப் படம் போட்ட சிறு தாள் பணத்தை வெளியிட்டதும் இதற்கு வேலையில்லாமல் போனது.

அழகில் இதற்கு இணை இல்லை. சாதாரண 1 சென்ட், 3 சென்ட் வகைக்கே சில நூறு டாலர் ஆகும். பிரச்சினை விலை மட்டுமல்ல, நாலு பகுதிகள் சேர்ந்த பொருள் என்பதும்தான். அப்பிரகம் உரியும், கீறல் விழும். அதைச் சரிசெய்ய யாரோ சட்டத்தைப் பிரித்து மூடியிருப்பார்கள். பத்து மடங்கு கண்ணாடியில் விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மடிப்பு ஒரே சீராக இல்லாமல் ஆங்காங்கே கருவித் தடம் இருந்தால் பிரித்தது. உள்ளே இருக்கும் தலையில் தபால் முத்திரைக் கறை தெரிந்தால் அந்தத் தலை பிற்காலத்தில் யாரோ வைத்தது. புதுத் தலைகளைத்தான் அடைத்தார்கள். அப்பிரகம் சுத்தமான கண்ணாடி போல ஒரு மடிப்பும் இல்லாமல் இருந்தாலும் சந்தேகப்படலாம். இதைத் தண்ணீரில் போடக் கூடாது, அசிட்டோன் காட்டக் கூடாது. உள்ளே ஈரம் புகுந்தால் தலையின் பசையிலேயே பூஞ்சை பிடிக்கும். கடற்கரை ஊர்களுக்கு இது கடைசித் தேர்வு.

பிரான்சில் இதன் தம்பி 1920-ல் வந்தது. 33 மில்லிமீட்டர் அலுமினிய உறை, உள்ளே விதைப்பவள் படம் போட்ட 5, 10, 25 சென்டிம் தலை, பின்னால் வங்கி அல்லது கடை விளம்பரம். போர் முடிந்த பிறகும் நீடித்த சில்லறைப் பஞ்சத்தின் பொருள். அலுமினியம் என்பதால் ஈரத்துக்கு இது பரவாயில்லை. அடைத்த தபால்தலை மேல் ஆசை இருந்து அமெரிக்க விலை எட்டாவிட்டால் இதை எடுக்கலாம்.

ஜெர்மன் போர்க்காசு

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் செம்பும் நிக்கலும் குண்டு செய்யப் போய்விட்டன. நகராட்சிகளும் ஆலைகளும் இரும்பிலும் துத்தநாகத்திலும் 5, 10, 50 பெனிக் வில்லை அடித்தன. எட்டு மூலை, பூ வடிவம், நடுவே துளை என்று வடிவங்கள் பலவிதம். போர் முடிந்த பின் மைசனில் பீங்கானில்கூடச் செய்தார்கள். சாதாரணமானவை சில யூரோவுக்கே வரும். ஒரே செலவில் இருபது ஊர்கள் வாங்கலாம். காசு குறைவாக இருப்பவருக்கு இதைச் சொல்வதுதான் நியாயமாகத் தோன்றும்.

நமது ஈரப்பதம் இங்கே குறுக்கே வருகிறது. இரும்பு துருப்பிடிக்கும். துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அதன் கீழே எழுத்து அழிந்துகொண்டே போகும், நிறுத்த முடியாது. கடலோரக் காற்றில் உள்ள உப்பு இதைத் துரிதப்படுத்தும். குளிர்சாதன அறையோ உலர்பெட்டியோ இல்லாதவர் ஜெர்மன் வகையில் அலுமினியத்தையும் பீங்கானையும் மட்டும் எடுக்கட்டும். இன்னொரு கவனம்: மதிப்புக்குறி என்று மட்டும் பொறித்த ஜெர்மன் வில்லைகள் பல பீர்க்கடை, ஆலை உணவகம் இவற்றுக்கு அமைதிக் காலத்தில் அடித்தவை. போர்ப்பணம், சில்லறை மாற்று என்று எழுதியிருந்தால்தான் சந்தேகமின்றி அவசரக் காசு.

வாங்கும்போது சோதிப்பது

0.01 கிராம் காட்டும் நகைத் தராசு, பத்து மடங்கு கண்ணாடி, டிஜிட்டல் காலிப்பர், சின்ன காந்தம் போதும். இந்தத் தனியார் வில்லைகளுக்கு நிலையான எடை இல்லை. 3 கிராம் ஒட்டியும் இருக்கும், 4-ஐத் தொடவும் செய்யும். ஆகவே எடை குறைவு என்பது மட்டும் போலிக்குச் சாட்சியல்ல. காற்றில் எடையை எடுத்து, நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை இழப்பால் வகுத்தால் அடர்த்தி வரும். 3.40 கிராம் செம்பு 0.38 கிராம் இழக்கும், அடர்த்தி 8.9. ஆனால் தராசில் 0.01 பிசகினால் 8.7-லிருந்து 9.2 வரை ஓடும். அதாவது செம்பையும் 8.5 பித்தளையையும் இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. வெள்ளீயக் கலவை (7.3), ஈயம் (11.3) இரண்டையும் பிடிக்கலாம். பித்தளைக்கு நிறத்தைப் பாருங்கள், விளிம்பின் கீறலில் தெரியும்.

1960-களில் போரின் நூற்றாண்டையொட்டியும் அதன்பின்னும் நகல்கள் நிறையச் செய்தார்கள். வார்த்த நகலில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, பரப்பில் மணல்போன்ற குழி, மழுங்கிய எழுத்து. 1973-க்குப் பின் அமெரிக்காவில் நகலில் ‘நகல்’ என்று பொறிப்பது கட்டாயம். அதைச் சுரண்டி எடுத்த தட்டையான இடம் தென்படுகிறதா பாருங்கள். அச்சு விரிசல் உயர்ந்த கோடாகத் தெரிவது நல்ல அறிகுறி. ஆனால் இரண்டு வில்லையில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை.

சுத்தம் செய்யக் கூடாது. வீட்டில் செப்புக் குடத்துக்குப் புளி போடுகிற பழக்கம் இங்கே கை வைத்தால், நூற்றைம்பது வருடத்துப் பழுப்பு ஒரே நிமிடத்தில் போய், இளஞ்சிவப்பாக இளித்துக்கொண்டு நிற்கும். விலை பாதியாகும். பீதாம்பரி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். பழைய மென்பிளாஸ்டிக் உறையில் இருந்த வில்லையில் பச்சைப் பசை ஒட்டியிருந்தால், கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோன் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து, புது அசிட்டோனில் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் எண்ணெய் கலந்திருக்கும், அது உதவாது. அடுப்பு இருக்கும் அறையில் இதைச் செய்யாதீர்கள்.

வைப்பதற்குச் சென்ட் அளவு அட்டைச் சட்டம், பாலியெஸ்டர் சன்னல் உள்ளது. மரப்பெட்டி வேண்டாம், அதன் அமிலம் செம்பைக் கறுக்கும். காற்றுப்புகாத ஐந்து லிட்டர் டப்பாவில் 200 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரமானி. 35–45 சதவீதம் நல்லது. மணிகள் பச்சையாக மாறினால் 110–120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பவும் போடலாம். அந்துருண்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1972-ன் தொல்பொருள் சட்டம் நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயத்தையும் தொல்பொருளாகக் கருதுகிறது. மத்திய அரசும் அது அதிகாரம் அளித்த அமைப்பும் தவிர வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்காவிலிருந்து தரச்சான்று இல்லாமல் வாங்கி, சான்று பெற மீண்டும் அங்கே அனுப்பலாம் என்ற திட்டம் இதில் மாட்டும். தரச்சான்று வேண்டுமென்றால் சான்றோடு இருக்கும் வில்லையையே வாங்குங்கள். ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்லாமல் ஐந்தாறை ஒரே பார்சலில் கேட்டால் தபால் செலவு குறையும்.

இதையெல்லாம் கேட்டு அலுத்து, நம் பக்கத்துப் போர்க்காலச் சில்லறையே போதும் என்பவருக்கு இலங்கை 1942-ல் அச்சிட்ட ஐந்து சென்ட் தாள் இருக்கிறது. நடுவே துளைக்கோடு போட்டிருப்பார்கள். கிழித்தால் ஒரு பாதி இரண்டு சென்ட், மறு பாதி மூன்று சென்ட். அது கடை டோக்கன் அல்ல, அரசின் சீட்டு. கடைப்பெயருக்கு இங்கே இடமில்லை. ஈரத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் பயந்து பாலியெஸ்டர் உறையில் தட்டையாக வைக்க வேண்டும். கிழிக்காத முழுத் தாளுக்கு விலை அதிகம். கடையில் புழங்கிய அடையாளம் வேண்டுமானால், கிழித்த மூன்று சென்ட் பாதியைத் தேடுங்கள்.